பதக்கமா, சான்றிதழா, லாயத்து அனுபவமா? குதிரையேற்ற ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முன்

சேணம் சரியும்போது சத்தமே வராது. இடது காலை அங்கவடியில் வைத்து உடம்பை மேலே தூக்கி, வலது காலைக் குதிரையின் முதுகுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். பாதி வழியில் சேணம் மெல்ல என் பக்கமாகவே வந்தது, ஈரத் தரையில் ஏணி வழுக்குவதைப் போல. அடுத்த நொடி குதிரையின் வயிற்றுக்குக் கீழே மணலில் கிடந்தேன். நல்ல வேளை, அது வயதான சாதுக் குதிரை. ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பிவிட்டு அப்படியே நின்றது. மிரளும் இளங்குதிரையாக இருந்திருந்தால் கதை வேறு.

ஆசிரியர் பத்தடி தள்ளி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த சுவர் முழுக்க அவர் வாங்கிய கோப்பைகளின் படங்கள். நான் அந்த இடத்தில் சேர்ந்ததே அந்தச் சுவரைப் பார்த்துத்தான். சேணத்தின் வயிற்றுவாரை அவர் இழுத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்பது எனக்கும் அப்போது தெரியாது. வாரை இறுக்கும்போது வயிற்றை உப்பி வைத்துக்கொள்ளும் குதிரைகள் உண்டு. சற்று நேரம் நடந்ததும் வயிறு இறங்கும், வார் தளரும். அதனால்தான் ஏறும் முன் ஒருமுறை, ஏறியதும் ஒருமுறை, சில நிமிடம் நடத்திய பிறகு இன்னொரு முறை என்று வாரைத் தொட்டுப் பார்ப்பார்கள். மொத்தமே அரை நிமிட வேலை.

அதற்குப் பிறகு வேறு இரண்டு பேரிடம் கற்றேன். முதலாமவர் போட்டி வீரர், அடுத்தவர் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர், மூன்றாமவர் முப்பது வருடம் லாயத்திலேயே கிடந்தவர். புதிதாகக் கற்க வருகிறவர் முன்னால் பெரும்பாலும் இந்த மூன்று வாசல்கள்தான் இருக்கும். எந்த வாசலில் நுழையலாம் என்பதுதான் கேள்வி.

சட்டம் எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

பல நாடுகளில் கொஞ்ச தூரம்தான். பிரான்சில் சம்பளத்துக்குக் குதிரையேற்றம் சொல்லித்தர அரசு ஏற்ற தகுதிச் சான்று கட்டாயம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆசிரியருக்கு மாநில உரிமம் வேண்டும். பிரிட்டனில் குதிரைகளை வாடகைக்கு விடும் பயிற்சிப் பள்ளிக்கு உரிமம் உண்டு, ஆனால் தனி மனிதர் ஒருவர் ‘நான் குதிரையேற்ற ஆசிரியர்’ என்று அட்டை அடித்துக்கொள்வதைத் தடுக்கச் சட்டம் இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் இதே நிலைதான். ஆக, நல்ல ஆசிரியரைச் சலித்தெடுக்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

பதக்கக்காரர்

முதலில் இவருக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். நன்றாக ஏறத் தெரிந்தவருக்கு, குதிரை அடுத்த நொடி என்ன செய்யப்போகிறது என்பது அதன் தோளின் அசைவிலேயே தெரிந்துவிடும். ஏற்கெனவே ஓரளவு ஏறத் தெரிந்து, தாண்டுதலிலோ, குதிரையைத் துல்லியமான அசைவுகளில் நடத்திக்காட்டும் டிரெஸ்ஸாஜிலோ அடுத்த படிக்குப் போக நினைப்பவருக்கு இவரைப் போன்ற ஆசிரியர் கிடைப்பது அதிர்ஷ்டம்.

புதியவருக்கு அப்படியில்லை. ஐந்து வயதில் ஏற ஆரம்பித்த ஒருவருக்கு ஏறத் தெரியாத நிலை என்பதே நினைவில் இருக்காது. ‘குதிரையோடு போங்கள், அவ்வளவுதான்’ என்பார். எப்படிப் போவது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. உடம்பில் ஊறிப்போனதை வாயால் பிரித்துச் சொல்வது தனி வித்தை. என் முதல் ஆசிரியர் என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை ‘ரிலாக்ஸ்’. ஐந்நூறு கிலோ விலங்கின் மேல் உட்கார்ந்திருப்பவனிடம் அதைச் சத்தம் போட்டுச் சொல்வதால் பயனில்லை.

இன்னொன்று, அவர் ஹெல்மெட் போடுவதில்லை. பழகியவர்களுக்குத் தேவையில்லை என்பது அவர் கட்சி. 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக டிரெஸ்ஸாஜில் பங்கேற்ற கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச்சில் ஒரு சாதாரணப் பயிற்சியின்போது குதிரை கால் தடுக்கியதால் விழுந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. மண்டையோடு உடைந்து வாரக்கணக்கில் கோமாவில் இருந்தார். குதிரை முரண்டு பிடிக்கவில்லை, அவருக்கும் திறமைக் குறைவில்லை. நாலு கால் இருந்தாலும் தடுக்கத்தான் செய்யும். அந்த விபத்துக்குப் பிறகுதான் ஹெல்மெட் பிரசாரம் பெரிதாக எழுந்தது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் 2021 முதல் உயரத் தொப்பிக்கு இடமில்லை, ஹெல்மெட் கட்டாயம். ஆசிரியர் தலையில் ஹெல்மெட் இல்லாமல் குதிரை மேல் இருப்பதைப் பார்த்தால், மாணவர்களும் நாளைக்கு அப்படித்தான் ஏறுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்காரர்

காகிதத்தைக் கேலி செய்வது எளிது. நானும் செய்திருக்கிறேன். ஆனால் நல்ல சான்றிதழ் ஒன்றின் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். அமெரிக்காவின் சர்டிஃபைட் ஹார்ஸ்மன்ஷிப் அசோசியேஷன் 1967இல் தொடங்கியது. அதன் தேர்வு வழக்கமாகச் சில நாள் முகாமாக நடக்கும். அங்கே ஏறிக் காட்டினால் மட்டும் போதாது. தேர்வாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி 1947இல் உருவானது. அதன் தேர்வுகள் படிப்படியாக ஐந்து நிலைகள் வரை ஏறும். அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமானால் முதலுதவிப் பயிற்சி, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி, காப்பீடு, குற்றப் பின்னணிச் சோதனை எல்லாம் காலாவதியாகாமல் இருந்தாக வேண்டும். அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல அமைப்புகள் ஏறுவதற்குத் தனியாக, பராமரிப்புக்குத் தனியாக, கற்பிப்பதற்குத் தனியாகச் சான்று தருகின்றன. ‘இரண்டாம் நிலை தேறியவர்’ என்று ஒருவர் சொன்னால், எதில் என்று கேளுங்கள். குதிரைக்கு நன்றாகத் தீனி வைக்கத் தெரியும் என்பதற்கான சான்றைக் காட்டி வகுப்பு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சான்றை வழங்கிய அமைப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதன் பட்டியலில் இவர் பெயர் இன்று இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிய சான்றிதழ் பத்து வருடம் பழையதாக இருக்கலாம். முதலுதவிச் சான்றின் ஆயுள் பொதுவாக 2 அல்லது 3 ஆண்டுதான்.

சான்றிதழ்காரரின் பெரிய பலம், அவருக்குப் பாடத்தின் வரிசை தெரியும் என்பது. நடையில் உட்காரப் பழகாமல் ட்ராட் எனும் சிற்றோட்டத்துக்குப் போகமாட்டார், ட்ராட்டில் எழுந்து உட்காரும் தாளம் பிடிபடாமல் கேன்டர் எனும் அதைவிட வேகமான ஓட்டத்தைப் பற்றிப் பேசமாட்டார். குளம்படியை எண்ணினால் நடை நாலு தட்டு, ட்ராட் இரண்டு தட்டு, கேன்டர் மூன்று தட்டு. மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும் என்று ஒருமுறை சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. அவருடைய பலவீனமும் அதுதான். புத்தகத்தில் இல்லாத எதையும் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. புதிதாகச் சான்று வாங்கிய இளைஞர்களில் சிலருக்கு, கூட்டத்தில் ஒரு குதிரை மிரண்டால் முதலில் எந்தக் குதிரையை நிறுத்துவது என்று தெரியாமல் கை நடுங்கும். அது சில வருடம் அடிபட்டுத்தான் வரும்.

லாயத்து மனிதர்

மூன்றாமவரிடம் காகிதம் எதுவும் இல்லை. முதல் நாள் என்னை ஏறவே விடவில்லை. ஒரு தேய்ப்பானைக் கையில் கொடுத்து, ‘இவளுக்கு எங்கே கூச்சம் என்று கண்டுபிடியுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் தேய்த்தேன். இடது விலாவுக்குப் பின்னால் தேய்ப்பான் போனபோதெல்லாம் குதிரை வாலை ஒரு சுழற்று சுழற்றியது. திரும்பி வந்து கேட்டார், சொன்னேன். ‘உங்கள் இடது குதிகால் அங்கேதான் படும். அவசியமில்லாமல் பட்டால் என்ன செய்வாள் என்று இப்போது தெரிந்துவிட்டது அல்லவா?’ என்றார். எந்தப் பாடத்திட்டத்திலும் இப்படி ஒரு முதல் வகுப்பை நான் பார்த்ததில்லை.

ஆனால் இவரைக் கண்மூடிப் பரிந்துரைக்க மாட்டேன். அவரிடம் காப்பீடு இல்லை. முதலுதவிப் பெட்டி என்று ஒன்று இருந்தது, உள்ளே குதிரைக் காயத்துக்குப் போடும் களிம்புதான். எலும்பு முறிந்தால் செலவு உங்களுடையது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதைதான். முப்பது வருட அனுபவம் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே தவறை முப்பது வருடம் செய்தவரும் அனுபவசாலி என்றே அழைக்கப்படுகிறார். வாய்க்கம்பியை வெடுக்கென்று இழுத்துக் குதிரையை ‘அடக்குவதை’ வித்தையாகக் காட்டும் பழைய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கற்றால் அந்தக் கை உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

மூவரில் ஒருவரைச் சொல் என்று நெருக்கினால், புதியவருக்கு நான் சொல்வது சான்றிதழ்காரரைத்தான். அதுவும் ஒரு லாயத்தில் சில வருடமாவது சாணி அள்ளிய சான்றிதழ்காரர். ஓராண்டு கழிந்து உட்காரும் முறை உடம்பில் பதிந்த பிறகு லாயத்து மனிதரிடம் போங்கள், காப்பீட்டை நீங்களே எடுத்துக்கொண்டு. பதக்கக்காரர் அதற்கும் பிறகு.

அவர் எந்தக் குதிரையைத் தருகிறார்?

மேலே சொன்ன வகைகளை எல்லாம் விட நான் அதிகம் நம்புவது இதைத்தான். எந்த ஆசிரியரிடமும் முதலில் கேட்க வேண்டியது, ‘என்னை எந்தக் குதிரையில் ஏற்றுவீர்கள், ஏன் அதில்?’

நல்ல ஆசிரியர் பதில் சொல்லும் முன் உங்களைக் கேள்வி கேட்பார். வயது, உயரம், முதுகுவலி உண்டா, முன்னால் ஏறியிருக்கிறீர்களா, எடை எவ்வளவு. எடையைக் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 500 கிலோ குதிரைக்கு எல்லாம் சேர்த்து 100 கிலோ. எடை கேட்காமல் யாரையும் எதிலும் ஏற்றுகிறவருக்குத் தன் குதிரையின் முதுகைப் பற்றிக் கவலையில்லை. முதுகு வலிக்கும் குதிரை ஒருநாள் உதறும்.

பிறகு குதிரையின் பெயர், வயது, குணம் எல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். ‘பதினாறு வயது, மைதானத்தின் அந்த மூலையில் மட்டும் கொஞ்சம் முறைப்பான், மற்றபடி மேசை மாதிரி நிற்பான்’ என்பது நல்ல பதில். ‘எல்லாமே நல்ல குதிரைதான் சார்’ என்பது பதிலே இல்லை. நாலு வயது இளங்குதிரையில் புதியவரை ஏற்றி, ‘ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கட்டும்’ என்பவரிடமிருந்து உடனே கிளம்பிவிடுங்கள்.

அவர் வாயை மட்டும் நம்பாமல் குதிரையையும் பாருங்கள். சேணம் உட்காரும் இடத்தில், முக்கியமாகப் பிடரி முடிகிற மேட்டின் இருபுறமும், கருமை ரோமத்துக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள் இருந்தால் பெரும்பாலும் அவை பழைய புண்ணின் தழும்பு. பொருந்தாத சேணம் அழுத்திய இடத்தில் ரோமம் வெளுத்து முளைக்கும். முழங்கைக்குப் பின்னால் வார் படும் இடத்தில் தோல் உரிந்திருக்கிறதா? சேணத்தை எடுத்துக்கொண்டு போகும்போது காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வருகிறதா? குளம்பு விளிம்பு உதிர்ந்து லாடம் ஆடுகிறதா? தினம் பார்க்கும் குதிரையின் வலியைக் கவனிக்காதவர் நேற்று வந்த உங்கள் பயத்தைக் கவனிக்கப்போவதில்லை.

சேணத்தையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கவடி வாரின் தையல் பிரிந்திருக்கிறதா, அங்கவடிக்குள் உங்கள் காலணி போனபின் இருபுறமும் விரல் அகலம் இடம் இருக்கிறதா என்று. கால் சிக்கி இழுபடுவதை விட மோசமான விபத்து இந்த விளையாட்டில் குறைவு. குதிகால் சிறிதாவது உயர்ந்த காலணி போடச் சொல்வது அதற்குத்தான். தட்டையான ஷூவோடு வந்தவரை அப்படியே ஏற்றுகிற இடத்தில் வேறு எதையும் சோதிக்க வேண்டியதில்லை.

ஹெல்மெட் அவர்களே தந்தால் உள்பக்கத்து ஒட்டுச்சீட்டைப் படியுங்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 அல்லது பி.ஏ.எஸ். 015 போன்ற குதிரையேற்றத் தர எண் இருக்க வேண்டும். சைக்கிள் ஹெல்மெட் வேறு வகை அடிக்காகச் செய்தது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளத்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும். பொது ஹெல்மெட்டின் வரலாறு யாருக்கும் தெரியாது, முடிந்தால் சொந்தமாக வாங்கிவிடுங்கள்.

தனியாகவா, கூட்டத்தோடா?

முதல் சில வகுப்புகள் தனியாக, ‘லஞ்ஜ்’ எனப்படும் பயிற்சிக் கயிற்றில். ஆசிரியர் நடுவில் நின்று நீளக் கயிற்றால் குதிரையை வட்டமாகச் சுற்றவைப்பார். அதன் வேகமும் திசையும் அவர் கையில். உங்கள் வேலை உட்காருவது மட்டும். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் சேரும் பயிற்சியாளர்களே அங்கவடியும் கடிவாள வாரும் இல்லாமல் நீண்ட காலம் இந்தக் கயிற்றில்தான் சுற்றுகிறார்கள். முதல் நாளே லகானைக் கையில் கொடுத்து ‘ஓட்டுங்கள்’ என்றால், பிடிமானத்துக்கு நீங்கள் குதிரையின் வாயைத்தான் பிடித்துத் தொங்குவீர்கள். அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் தொடை ஒத்துழைக்காது.

கூட்ட வகுப்பு அப்புறம். செலவு குறையும், மற்றவர் தவறிலிருந்து கற்கலாம், முன்னால் போகும் குதிரையின் பின்னங்கால் எட்டாத தூரத்தில் போகப் பழகலாம். ஒரு ஆசிரியருக்குப் புதியவர்கள் நாலு பேர் இருந்தால் எனக்குச் சம்மதம். எட்டுப் பேர் என்றால் அது ஊர்வலம், வகுப்பாகாது.

குழந்தையைச் சேர்ப்பதாக இருந்தால் ஒரு கூடுதல் கேள்வி: பெற்றோர் எல்லா வகுப்பையும் பார்க்கலாமா? ‘நீங்கள் இருந்தால் பிள்ளை கவனம் சிதறும்’ என்பது சில நாள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பார்க்கவே கூடாது என்ற விதி இருந்தால் வேண்டாம். காலைத் திருத்தத் தொடும் முன் ‘தொடட்டுமா’ என்று கேட்கும் ஆசிரியர் நல்லவர். விளையாட்டில் நடக்கும் அத்துமீறல்களை விசாரிக்க அமெரிக்காவில் 2017 முதல் செயல்படும் சேஃப்ஸ்போர்ட் மையம், நடவடிக்கைக்கு உள்ளான பயிற்சியாளர்களின் பெயர்களைப் பொதுவில் வைக்கிறது. உங்கள் நாட்டில் அப்படி ஒன்று இருந்தால் தேடிப் பாருங்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு மேலே சொன்ன மூன்று வாசல்களும் போதாது. பாத் இன்டர்நேஷனல் போல இதற்கென்றே சான்று தரும் அமைப்புகள் இருக்கின்றன, அவற்றின் வழியே போங்கள். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜில் வெள்ளி வென்றார். முடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

சேரும் முன் ஒரு நாள்

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை வேலியோரம் நின்று பாருங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் நல்ல குதிரைகள் மட்டும் வெளியே வரும். ஆசிரியரின் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். குதிரைக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட முழு வட்டமும் தெரியும், வாலுக்கு நேர் பின்னால் தெரியாது. அந்த இடத்தில் ஒரு மாணவர் போய் நிற்கும்போது ஆசிரியர் பார்க்கிறாரா, கைபேசியைப் பார்க்கிறாரா? மாணவர் பயந்து உறைந்தால் அவர் குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா?

வகுப்பு முடிந்ததும் ஒன்றைக் கேளுங்கள்: ‘இங்கே கடைசியாக யார் விழுந்தார்கள், என்ன ஆயிற்று?’ எல்லா லாயத்திலும் ஆள் விழுவார்கள். ‘போன மாதம் ஒரு பெண், பறவை பறந்து குதிரை ஒதுங்கியது, தோளில் அடி, இன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், அதற்குப் பிறகு அந்தப் புதரை வெட்டிவிட்டோம்’ என்று சொல்பவரிடம் தைரியமாகச் சேரலாம். ‘நம்மகிட்ட யாரும் விழுந்ததே இல்லை’ என்றால் அவர் பொய் சொல்கிறார், அல்லது நேற்றுத்தான் கடை திறந்திருக்கிறார்.

பொறுப்புத் துறப்புப் படிவம் ஒன்றை நீட்டுவார்கள். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவர்களுடைய காப்பீட்டில் மாணவருக்கு ஏற்படும் காயம் வருமா, குதிரை மூன்றாம் நபரை மிதித்தால் மட்டும்தானா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பத்து வகுப்புக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதலில் ஒன்றே ஒன்றுக்குக் கட்டுங்கள்.

அந்த ஒரு வகுப்பில் ஏறும் மேடைக்குப் பக்கத்தில் நிற்கும்போது அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள். என் இரண்டாவது ஆசிரியர் ஒவ்வொரு முறையும் சேணத்து மடிப்பைத் தூக்கி, வாருக்கும் விலாவுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பார். நடத்திவிட்டு வந்ததும் மறுபடி. அநேகமாக ஒரு ஓட்டை ஏறும். சில நாள் இரண்டு.